பி.ஓ.பி. ஊசிகளை ரசிப்பது எப்படி?

ஸ்ரீ சிட்டியை ஒட்டித் தடாவிலும் சத்தியவேட்டிலும் எழும்பிவரும் புதுக் கட்டடங்களில், ஃபால்ஸ் சீலிங்கை அண்ணாந்து பார்த்து, வளைவு அழகா, விளக்கு எத்தனை என்பதோடு திருப்தியடைந்துவிடுகிற நாம், அந்தப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் (பி.ஓ.பி.) வெண்மைக்குள் கோடானுகோடி ஊசிப் பளிங்குகள் பின்னிக்கொண்டு கிடப்பதைச் சிந்திப்பதே இல்லை.

ஜிப்சம் என்னும் கனிஜம் தன் அமைப்பிலேயே நீரைப் பொதிந்து வைத்திருப்பது. சுமார் 150 டிகிரியில் வறுத்தால் அந்நீரில் முக்காற்பங்கு நீங்கி, கடையில் விற்கும் பி.ஓ.பி. பவுடராகிறது. அதில் மறுபடி நீர் சேரும்போது பவுடர் தாராளமாகக் கரைய, ஜிப்சமோ லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிராமுக்கு மேல் கரைய மறுப்பதால், அந்த மிகுதியைத் தாங்கமாட்டாத நீர் அதை ஊசிகளாக வெளிப்படுத்திவிடுகிறது. பிரெஞ்சு ரசாயன பண்டிதர் ல ஷாதெலியே 1887-லேயே தந்த விளக்கம் இது.

இதைக் கண்ணால் காண, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் ஒன்று போதும். கண்ணாடித் தகட்டில் துளி நீரும், அதில் சிட்டிகையிலும் குறைவான பவுடரும் இட்டு, சற்றுப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தால், உருவமற்றுக் கிடந்த துகள்களின் ஓரங்களில் மயிரிழை போன்ற ஊசிகள் கொத்துக் கொத்தாகத் தலைகாட்டி, பக்கவாட்டில் பருக்காமல் நீளவாக்கிலேயே ஓடி, ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்பது தெரியும். பின்னர் ஒரு குண்டூசி நுனியால் லேசாகக் கலைத்துவிடுங்கள். ஒடிந்த துண்டுகள் மடிவதில்லை. கரைசலில் சரக்கு மிச்சமிருக்கும்வரை ஒவ்வொரு துண்டும் புதிய வித்தாகி மேலும் வளர்கிறது. ரசிகனுக்கு உச்சகட்டம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சாஸ்திரம் படிக்காத பி.ஓ.பி. வேலைக்காரருக்கு இது அநுபவத்தில் தெரியும். அதிகம் கலக்கினால் சீக்கிரம் செட் ஆகிவிடும் என்பார். பழைய கட்டி ஒட்டிய வாளியைக் கழுவாமல் தொடமாட்டார். இரு கிண்ணங்களில் ஒரே அளவாகக் கலந்து, ஒன்றை மட்டும் நெடுநேரம் கலக்கிப் பாருங்கள். கலக்கியதே முந்தி இறுகும்.

வித்துக்கள் மிகக் குறைந்தால் என்னவாகும் என்பதற்கு மெக்ஸிகோவின் நைக்கா சுரங்கக் குகை சாட்சி. 58 டிகிரி வெந்நீரில் யுகக்கணக்கில் மெல்ல வளர்ந்த அங்குள்ள ஜிப்சத் தூண்களில் சில 11 மீட்டர் நீளம். ஆயினும் நகத்தால் கீறினால் கோடு விழும். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போய், களிமண்ணில் பட்டுநூல் போல மினுங்கும் ஜிப்ச நரம்புகளைக் காணலாம்.

பரீட்சை முடிந்ததும், மீந்த குழம்பைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். ஊசிகள் குழாய்க்குள்ளும் அதே உற்சாகத்தோடு வளரும்.