உப்பு நகரங்களும் ஊரார் உரிமையும்

அப்துர் ரஹ்மான் முனீஃபின் ‘முதுனுல் மில்ஹ்’ (உப்பு நகரங்கள்) நாவலின் ஐந்து பாகங்களுள், 1984இல் வெளிவந்த முதற்பாகமே சிறந்தது என்பது நம் கருத்து. எண்ணெய்ப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் முனீஃப். ஆயினும் அவர் இங்கே புள்ளிவிவரம் பேசவில்லை. வாதீ அல்உயூன் என்னும் பாலைச் சோலையின் மரங்களை அமெரிக்க நிறுவனத்தின் இயந்திரங்கள் பிடுங்கி எறிகின்றன. காணச் சகியாத முத்இப் அல்ஹத்தால் ஒட்டகமேறி மறைந்துபோகிறார். பின்னர் ஹர்ரான் துறைமுகம்: அமெரிக்கருக்குக் குளிரூட்டிய வீடுகள், அவற்றைக் கட்டிய அரபுத் தொழிலாளருக்கு வெயிலில் கொதிக்கும் கொட்டகைகள்.

1988இல் இந்நாவலை மதிப்பிட்ட அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக், மேற்கத்திய நாவலுக்குரிய தனிமனித நாயகன் இல்லையே எனக் குறைப்பட்டார். ஊரே இழந்ததை ஒருவரது துயரமாகச் சுருக்கினாலன்றோ அது பொய்யாகும்! நாம் காணும் குறை வேறு. இரண்டாம் பாகம் முதல் அரண்மனைச் சூழ்ச்சிகள் இடத்தை அடைத்துக்கொள்ள, ஹர்ரானில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் பின்தள்ளப்படுகின்றனர்.

தலைப்பிலுள்ள உப்பு ஒரு ஹதீஸை நினைவூட்டுகிறது. யமனின் மஅரிப் உப்பளத்தை அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்களுக்கு வழங்கிய நபி (ஸல்) அவர்கள், அது வற்றாத நீரைப் போன்றது என ஒருவர் சுட்டியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வெளிப்படக் கிடைக்கும் உப்பு, நஃப்த் எனும் எண்ணெய் போன்றவற்றைத் தனியொருவருக்கு உரிமையாக்கலாகாது என ஃபிக்ஹ் அறிஞர் பலர் கூறியது இதைக் கொண்டே. (ஆழத் துளையிட்டு எடுப்பதைப் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு.) வளைகுடா ஊதியத்தால் எழும்பிய நம் மத்ரஸாக்களில் இந்த ஹதீஸை ஆண்டுதோறும் ஓதுகிறோம். அந்த எண்ணெய் யாருக்கு உரியதென்று மாணவர் கேட்டதில்லை, நாமும் பேச்செடுத்ததில்லை.