ஒன்லைனை இரண்டு முறை எழுதுங்கள்

கோடம்பாக்கத்தில் கதை சொல்லப் போகிறவரிடம் முதலில் கேட்பார்கள், 'ஒன்லைன் என்ன?' என்று. கதையை ஒரே வரியில் சொல்வதுதான் ஒன்லைன். தயாரிப்பாளருக்காகக் கடைசியில் தட்டிக்கொட்டித் தயாரிக்கும் வரி அது என்று பலரும் நினைக்கிறார்கள். எழுதுகிறவருக்குத்தான் அது முதலில் தேவை. அதுவும் இரண்டு கட்டங்களில்.

இயக்குநர் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படம் எனக்கு அலுக்காத பாடம். நோயுற்ற கணவனை மனைவி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறாள். வைத்தியம் பார்க்கும் டாக்டர் அவளுடைய பழைய காதலன். ஒரு சீன்கூட எழுதுமுன் எழுதிவிடக்கூடிய வரி இது. மூன்று பேர், ஒரே கூரை, ஊசலாடும் ஓர் உயிர்: முடிச்சு விழுந்துவிட்டது. இந்த வரி இல்லாமல் சீன் பிரிக்க உட்கார்ந்தால் பழைய காதலைச் சொல்லும் பிளாஷ்பேக்கிலேயே பாதிப் படம் ஓடிவிடும். வரி கையில் இருந்தால் கதை ஆஸ்பத்திரியை விட்டு நகராது. ஸ்ரீதரின் படமும் அங்கேயேதான் சுழல்கிறது.

ஆனால் இந்த வரியில் கணவன் வெறும் நோயாளி. படத்தில் முத்துராமன் செய்த கணவனோ, தான் இறந்துபோனால் டாக்டரையே மணந்துகொள்ளச் சொல்லி மனைவியிடம் கேட்கிறான். அந்தப் பேச்சு வந்ததும் மூவரின் நிலையும் புரண்டுவிடுகிறது. தேவிகாவின் சீதா துடித்துப் போகிறாள். கல்யாண்குமாரின் டாக்டர் முரளிக்கோ அறுவைச் சிகிச்சையே தன் காதலுக்கு வைத்த சோதனையாகிறது. இப்போது ஒன்லைன் இப்படி ஆகும்: 'மனைவியைப் பழைய காதலனிடமே ஒப்படைக்கத் துணிந்த கணவனை, அந்தக் காதலன் தன்னையே உருக்கிக் காப்பாற்றுகிறான்.'

முதல் வரி சிக்கலைச் சொல்கிறது. இரண்டாவது வரி மனிதர்கள் எடுக்கும் முடிவைச் சொல்கிறது. பாத்திரங்களோடு பல பக்கங்கள் பழகாமல் இரண்டாவது வரி யாருக்கும் எளிதில் வசப்படாது.

ஆகவே, கரு தோன்றியதும் ஒரு வரி எழுதுங்கள். முதல் டிராஃப்ட் முடிந்ததும் அந்த டிராஃப்டை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து இன்னொரு வரி எழுதுங்கள். பிறகு சீன்களை ஒவ்வொன்றாக அந்த இரண்டாவது வரியோடு உரசிப் பாருங்கள். ஒட்டாதவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடலாம். தயாரிப்பாளர் அறையில் சொல்ல வேண்டியதும் இந்த வரியைத்தான்.