கீசர் மாட்டும் கைகள்

25 லிட்டர் கீசரை இருவர் மாடிக்கு ஏற்றுவதே தனி அழகு. பாரம் கீழே வருபவர் மீதுதான். திருப்பத்தில் அவர் "மெள்ள, மெள்ள" என்றதும் மேலே இருப்பவர் கால் பெயர்க்காமல் நிற்கிறார். குழந்தையை ஏந்துவதுபோல் உடம்போடு அணைத்த பிடி.

குளியலறையில் பிளம்பர் முதலில் சுவரைத் தட்டிக் கேட்கிறார். பொள்ளலாக ஒலித்தால் அந்த இடம் வேண்டாம். நீர் நிறைந்தால் இன்னும் 25 கிலோ கூடுமே. ரசமட்டம் வைத்துக் குறி, டிரில் உதிர்க்கும் செங்கல் தூள், போல்ட் இறுகும் கிறீச்சொலி. மரையில் வெள்ளை டேப்பை வலஞ்சுழியாக இழுத்துச் சுற்றும் அந்த நிதானம் எனக்கு மிகப் பிடித்தது. உடனே ஸ்விட்சைத் தொடுவதில்லை. வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறார்: புஸ்ஸென்று காற்று, பிறகு விட்டுவிட்டுத் துப்பல், கடைசியில் அறாத நீர். தொட்டி நிறைந்துவிட்டது, இப்போதுதான் மின்சாரம்.