எபிக்கூரர் கண்ட இன்பம்

இன்பத்தை விழையாத உயிர் இல்லை. ஆயின், இன்பமாவது யாது என வினவுவார்க்கு அறிஞர் கூறும் விடைகள் தம்முள் மாறுபடுகின்றன. அவற்றுள், கிரேக்க அறிஞர் எபிக்கூரர் (கி.மு. 341-270) கொண்ட கொள்கையை ஈண்டு ஆராய்வாம்.

இவரை உலோகாயதரோடு ஒருங்கு வைத்து, உண்டு களித்தலே வாழ்வு என்றார் என இகழ்வார் பலர். உயிரும் அணுக்களின் கூட்டமே, உடலோடு அழிவதே என்றமையின் அவ்வொப்பு ஒருபுடை பொருந்தும், இகழ்ச்சியோ பொருந்தாது. ஏதென்சு நகரில் அவர் நிறுவிய தோட்டப்பள்ளியிற் பெண்டிரும் அடிமைகளும் உடனிருந்து பயின்றனர். எளிய உணவே போதுமென அமைந்தனர். ஆசைகளுள் இயற்கையும் இன்றியமையாமையும் உடையன சில. இயற்கையாயினும் இன்றியமையாதன அல்லன சில. இரண்டும் அல்லாத வீணாசைகள் சில என வகுத்து, வீணாசைகளை அறவே விலக்குக என்றார். இது நமக்கும் உடன்பாடே.

மாறுபடுமிடம் யாதெனின், துன்பம் முழுதும் நீங்குதலே இன்பத்தின் எல்லை, அதன்மேல் இன்பம் வேறுபடுமன்றி மிகாது என அவர் வரையறுத்ததாம். அந்நாட்டுச் சைரீனியரே, துன்பமின்மை உறங்குவான் நிலையை ஒக்கும் என மறுத்தனர். முத்தியில் உயிர் கல்லைப்போல் நுகர்ச்சியற்றுக் கிடக்கும் என்ற பாடாணவாதியை உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணத்துள் மறுத்தமையும் இங்கு நினைக்கத்தக்கது. கண்ணிற் படலம் நீங்குதல் வேறு. ஒளியிற் பொருளைக் கண்டு மகிழ்தல் வேறு. பாசநீக்கமும் சிவப்பேறும் கூடியதே முத்தி என்பது சித்தாந்தம்.

அற்றேல், கலக்கமற்ற மனநிலை உறக்கமன்று, விழிப்போடு கூடிய நிறைவே என எபிக்கூரர் விடை கூறாரோ எனின், கூறுவர். ஆயின் அவரது இறுதிக் கடிதமே அவ்விடையைக் கடந்து செல்கின்றது. நீர்க்கடுப்பும் வயிற்றுக்கடுப்பும் பெரிதும் வருத்திய அந்நாளை இன்பநாள் என்றார்; நண்பரோடு அளவளாவிய நினைவால் எழும் மகிழ்ச்சி அந்நோவை எதிர்த்து நிற்கின்றது என்றும் எழுதினார். துன்பம் நீங்காதிருக்கவும் இன்பம் உளதாயிற்று. ஆகவே, இன்பம் துன்பத்தின் இன்மை மாத்திரையன்று என்பது பெறப்படும். அதுவும் அவர்க்குத் தனித்து வந்திலது. பிறரைச் சார்ந்தே வந்தது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் உண்மைக்கு இஃது ஒரு சான்றாம்.

தேவர் உளர், ஆயின் உலகினைக் குறித்துக் கவலார் என்பதும் அவர் கொள்கை. மக்களை அச்சத்தினின்று விடுவிக்க எண்ணி, அருளையும் உடன் விலக்கினார். சார்தற்கு நண்பரே எஞ்சினர். பிரிந்துறையும் நண்பரின் நினைவே அத்துணை நோவைத் தாங்குவிக்குமாயின், என்றும் பிரியாது உயிர்க்குயிராய் நின்றருளும் சிவபெருமானைச் சார்ந்தார் எய்தும் இன்பத்திற்கு எல்லை கூறுதல் யார்க்கு இயலும்?

திருச்சிற்றம்பலம்.