சண்டிக் குதிரையின் செவியழகு

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள், பத்மநாபசுவாமியைத் தொழுத கையோடு பக்கத்திலுள்ள குதிரை மாளிகையையும் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய அரண்மனை அது. இறவாரத்துக்கு அடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள். வரிசையாகச் சேர்த்துப் பார்ப்பது ஓர் அழகு. ஒன்றை மட்டும் தேர்ந்து அதிலேயே கண்ணை நிறுத்துவது இன்னோர் அழகு. ஓடுவதற்குத் துடிக்கும் உயிரை அசையாத மரத்துக்குள் அடைத்து வைத்த தச்சனின் கையை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

மரக்குதிரை பணிந்துதான் நிற்கும். உயிருள்ள குதிரை, அதிலும் ஏறவிடாமல் உதறி எழும் சண்டிக் குதிரை, மெல்ல மெல்ல மனிதனை ஏற்றுக்கொள்வதைப் பார்ப்பது அதைவிட நுட்பமான கலையைக் காண்பது. அந்தக் கலையின் முதல் எழுத்து செவியில் இருக்கிறது. கொஞ்சம் நின்று அந்தச் செவிகளைப் பாருங்கள். மென்மயிர் பூத்த இரண்டு இலைகள். ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறத்தாழ அரைவட்டம் திரும்பும். பின்னால் ஒட்டிப் படிந்தால் சினம். விறைத்து முன்னோக்கினால் எதையோ கண்ட வியப்பு, அல்லது அச்சம். பழக்குநர் லாயத்துக்குள் வரும்போது ஒரு செவி மட்டும் அவர் பக்கம் திரும்புகிறதே, அதுதான் முதல் சம்மதம். உடல் இன்னும் விலகியே நிற்கும். செவி மட்டும் முன்னதாக நட்புக்கு வந்துவிடும்.

அவர் நடந்து வரும் விதமும் கவிதைதான். குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. உலகையெல்லாம் வளைத்துப் பார்க்கும் அந்த அகன்ற விழிகளுக்கு, நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் சிறிது இடம் மட்டும் தெரியாது. தெரிந்தவர் அந்த இரண்டு இடங்களையும் தவிர்த்து, தோள்பட்டையின் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே வருகிறார். வந்ததும் மூக்கில் கை வைப்பதில்லை. பிடரி தோளோடு சேரும் மேட்டை இதமாகச் சொறிந்துவிடுகிறார். ஒற்றை ஈ உட்கார்ந்தாலே சிலிர்க்கும் தோல் அது. அந்தத் தோல் சிலிர்க்காமல் ஒரு மனிதக் கையின் கீழ் அமைதியாக இருப்பது எவ்வளவு பெரிய கொடை!

நல்ல பழக்குநரிடம் இன்னொரு நேர்த்தியும் உண்டு. சண்டித்தனத்தைத் திருத்தத் தொடங்குமுன் அதன் காரணத்தைத் தேடுவார். சேணம் முதுகை அழுத்துகிறதா, கூர்ந்த பல் கன்னத்தைக் கிழிக்கிறதா, லாடம் குளம்பை நெருக்குகிறதா என்று விரல்களாலேயே விசாரிப்பார். மருத்துவரையும் லாடம் கட்டுபவரையும் அழைப்பார். பிடிவாதம் என்று நாம் பெயர் வைத்தது பல சமயம் சொல்லத் தெரியாத வலி. அந்த வலியைத் தொட்டறியும் விரலின் பரிவு, சேணத்தின் சித்திர வேலைப்பாட்டைவிட அழகானது.

பிறகு வருகிறது கடிவாளம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறு ஒன்று உண்டு. இரும்பு அமர்வது அந்த மெல்லிய ஈற்றின் மேல். ஆகவே கையின் சிறு நடுக்கமும் வாய்க்குள் பேச்சாகிவிடும். பழக்குநர் வாரை லேசாக இறுக்குகிறார். குதிரை ஓர் இம்மியளவு இணங்குகிறது. அந்தக் கணமே விரல்கள் தளர்கின்றன. பாடம் முழுவதும் அந்தத் தளர்வில்தான் இருக்கிறது. மிருதங்கக்காரர் அடிகளுக்கு நடுவே விடும் இடைவெளியைப் போல, விட்டுக்கொடுக்கும் அந்த நொடிதான் எல்லாவற்றையும் இசையாக்குகிறது. தலை தாழ்கிறது. உதடுகள் அசைகின்றன. நெடுமூச்சு ஒன்று வெளிப்படுகிறது.

இந்தப் பரிவு பழையது. சினத்தோடு குதிரையை நெருங்காதே என்று கிரேக்க நாட்டு செனபோன் சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். மாசிடோனிய அரசவையில் எவரும் ஏற முடியாத புசெபலஸ் என்ற குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் ஒருவன்தான் கவனித்தான் என்கிறார் புளூட்டார்க். அதைச் சூரியனை நோக்கித் திருப்பினானாம், தடவிக்கொடுத்தானாம். ஏறுவதற்கு முன் தன் மேலாடையை ஓசைப்படாமல் நழுவவிட்டானாம். அந்த ஒரு நுணுக்கத்தை எத்தனை முறை நினைத்தாலும் இனிக்கிறது. படபடக்கும் துணி குதிரைக்கு இன்னொரு அச்சமாகிவிடும் என்று உணர்ந்த பிள்ளையின் மனம் அது!

நம் செஞ்சிக்கும் இப்படியொரு பேறு வாய்த்தது. டில்லி பாதுஷாவின் முரட்டுக் குதிரையை அடக்க முடியாமல் தந்தை சிறைப்பட, மகன் தேசிங்கு சென்று அதன் மேல் ஏறி வென்று தந்தையை மீட்ட கதையைக் கதைப்பாடல் மணக்க மணக்கச் சொல்கிறது. பாராசாரி என்ற அந்தக் குதிரை பரிசாகவே செஞ்சிக்கு வந்தது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்ட அந்த இளைஞனைத் தமிழ்நாடு தனியே நினைப்பதில்லை. தேசிங்கு என்றால் கூடவே குதிரையும் வந்து நிற்கும். அடங்க மறுத்த ஒன்று அன்பில் இணங்கிய பின் காட்டும் பற்றுதான் கேட்பவரின் மனத்தில் இருவரையும் பிரியாமல் வைத்திருக்கிறது.

பழக்குநரின் கடைசி நயம் இன்னும் இருக்கிறது. குதிரையைத் தேற்றியதும் அவர் வாரை உரியவரின் கையில் கொடுத்து, அருகிலேயே நின்றுகொள்கிறார். இறுக்கும் விரல் எப்போது தளர வேண்டும் என்று இப்போது அவருக்குச் சொல்லித் தருகிறார். தன் குதிரை தனக்குக் கட்டுப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு உதவி கேட்டு வந்தவர் அந்த உரியவர். அந்தப் பணிவே பாதிப் பயிற்சி. மீதிப் பாதியைக் குதிரையே கற்றுத் தந்துவிடும். அத்தனை பெருந்தன்மை அந்தப் பிறவிக்கு உண்டு.