கூரை வேண்டாத மேளம்

சட்டி மேளத்தை மண்டபத்துக்குள் கேட்கக் கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை அடுத்த அடியின் மேலேயே வந்து விழுந்து, கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். தெருவில் கேட்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சாவு ஊர்வலம் பெங்களூர் சாலையின் ஓரமாக வரும்போது கேட்டிருக்கிறேன். கம்பெனி பேருந்துகளின் உறுமல் கனத்த ஓசைகளையெல்லாம் விழுங்கிவிடும். சட்டியை மட்டும் அதனால் விழுங்க முடியாது. இரண்டு மெல்லிய குச்சிகள் தோலில் பொரிகிற அந்தச் சத்தம் போக்குவரத்தைக் கிழித்துக்கொண்டு முன்னால் வரும். கிட்ட வந்த பிறகுதான் கட்ட மோளம் நம் வயிற்றில் இறங்கும். பறையடிப்பவர் ஒரு கையில் நீண்ட சிம்புக்குச்சியும் மறு கையில் குட்டையான அடிக்குச்சியும் பிடித்து, இரண்டுக்கும் நடுவே தாளத்தை ஓடவிடுவார். வைக்கோல் தீயில் காட்டி முறுக்கேற்றிய தோல் அது. இவை எல்லாமே வெட்டவெளிக்கென்று செய்த கருவிகள்.

ராக் இசையும் வெட்டவெளியில்தான் தன் முழு உருவத்தைக் கண்டது. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில், ஒரு பால்பண்ணைக்காரரின் நிலத்தில் நான்கு லட்சம் பேர் கூடிய வுட்ஸ்டாக்கைத்தான் உலகம் அதற்கு உதாரணம் சொல்லும். நம் பக்கத்து ராக் ரசிகர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தின் திறந்தவெளி அரங்கு இருந்தது, பெங்களூர் இருந்தது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் குழு அங்கே அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது இங்கிருந்து ரயிலேறிப் போனவர்கள் உண்டு. போய் வந்தவர்கள் நல்ல இசை கேட்டார்கள். ஆனால் தங்கள் தெருவின் தாளத்தை அந்த மேடையில் அவர்கள் கேட்கவில்லை.

தெருவின் தாளம் மேடையில் கேட்டது 2018 ஜனவரி 6 அன்று. சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன்ஸ் பள்ளி மைதானத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னால், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. 'குரங்கன்' இசைக்குழுவில் கபேர் வாசுகியோடு இயங்கிக்கொண்டிருந்த டென்மா, பலரைப் பாடவும் வாசிக்கவும் வைத்துக் கேட்டு, பத்தொன்பது பேர் கொண்ட குழுவை அமைத்தார். கானா பாடகர்கள், ராப் பாடும் அறிவு, சட்டி, கட்ட மோளம், பறை, கூடவே கிதாரும் டிரம்ஸும். பெண் ஒருவர்தான்: இசைவாணி. ஆண்களின் தொண்டையிலேயே வளர்ந்த கானாவை, அதன் ஏற்றஇறக்கம் கொஞ்சமும் குறையாமல் அவர் பாடினார். 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. குழுவின் பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதர். சாதிபேதமற்றவர்கள் என்று தம் மக்களைப் பதிந்துகொள்ளச் சொன்னவர். 1907 முதல் ராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' இதழை நடத்தியவர்.

அந்த இரவின் ஒளிப்பதிவுகளை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்துக்காக. ராக் டிரம்மர் பெரும்பாலும் நாலு எண்ணுவார். சாவுக் குத்தோ ஆறில் உருளும். மேடைக்காரர்கள் அதை சிக்ஸ்-எயிட் என்பார்கள். காலை மும்மூன்றாக உதறவைப்பது அந்த உருளல்தான். நாட்டுப்புறத் தாளத்தை ராக்கோடு சேர்க்கிற பல குழுக்கள் இந்த உருளலை நாலுக்குள் திணித்து நேராக்கிவிடும். பிறகு பறை அங்கே ஒரு வாசனைப் பொருள்தான். இந்தக் குழு அதைச் செய்யவில்லை. சட்டிக்காரர் நடையைப் பிடிக்கிறார். டிரம்ஸ் அதன் அடியில் போய் உட்காருகிறது. சிம்பலும் சட்டியும் ஒரே உயரத்தில் ஒலிப்பவை. முட்டிக்கொண்டால் பாட்டு சிதறிவிடும். எனவே சிம்பல் விட்டுக்கொடுக்க வேண்டும், கிதாரும் தாளத்தை வெட்டி வெட்டி வாசிக்க வேண்டும். மேலைக் கருவிகள் பின்னணிக்கு நகர்ந்து, சாவு வீட்டு வாசலில் நின்ற கருவி நடுவில் வருகிறது. அந்த இடமாற்றம் எனக்குக் காதில் கேட்கிறது. இட ஒதுக்கீட்டைப் பற்றிய அவர்களுடைய பாட்டின் வரிகள் தெரியாதவருக்கும் அது கேட்கும் என்று நினைக்கிறேன். எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் முழக்கம் மெட்டை முந்திக்கொண்டு ஓடுகிறது. தாளம் மட்டும் எங்கும் பொய் சொல்வதில்லை.

அவர்கள் அணிந்திருந்த கோட்டு சூட்டும் கண்ணில் நிற்கிறது. மேளக்காரர் என்றால் சட்டையில்லாமல் அல்லது அழுக்கு வேட்டியோடு நிற்க வேண்டும் என்று பழகிப்போன கண்ணுக்கு, அம்பேத்கரின் உடுப்பில் சட்டி அடிப்பவர் நிற்பது பார்க்க அழகு.

காலம் மார்கழி. நகரத்தின் சபாக்கள் கச்சேரிகளால் நிறைந்திருந்த பருவத்தில் இந்த மைதானம் திறந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 2015இல், பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்தின் கடற்கரையில் கர்நாடக இசையைக் கொண்டுபோய் விழா எடுத்திருந்தார்கள். கீழ்ப்பாக்கத்தில் பயணம் எதிர்த்திசையில்: குப்பத்தின் இசையே பெரிய ஒலிபெருக்கிகளோடு நகரத்தின் நடுவில் நின்றது. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அதே வழியில் பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் ஆண்டுதோறும் மேடை போட்டுவருகிறது. மறைவாக வைத்துக்கொள்ளச் சொன்ன மந்திரத்தை இராமானுசர் கோபுரத்தின் மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பது எங்கள் ஊர் பெருமையோடு சொல்லும் கதை. அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் மண்ணுக்கும் இப்படி ஒரு மேடை வர வேண்டும்.

எங்கள் ஊரைச் சுற்றி, இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார், மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலைகள் நிறைந்துவிட்டன. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் விடுதி அறைகளில் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு கிடக்கிறார்கள். அவர்களில் பலர் ஊர்த் திருவிழாவில் மேளத்துக்கு ஆடியவர்கள். ஒரு சனிக்கிழமை இரவு போதும். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களும் கேட்கிற மாதிரி நேரம் வைக்க வேண்டும். சட்டிக்குத் தனி மைக், கட்ட மோளத்துக்கு இரண்டு பக்கமும் மைக். பறைக்குத் தோல் காய்ச்ச மேடைக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோல். நாற்காலி மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆட இடம் வேண்டும்.