சிறுநீரகமும் மரபணுச் சோதனையும்

அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடையே, சிறுநீரகம் அறவே செயலிழந்து டயாலிசிஸை நாடவேண்டிய துன்பம் வெள்ளையரைக் காட்டிலும் மூன்று மடங்குக்குக் குறையாமல் காணப்படுவதற்கு, இரத்த அழுத்தத்தையும் வறுமையையும் வைத்திய வசதியின்மையையுமே பிரதானமாகக் காட்டிவந்த மருத்துவ உலகம், 2010-ஆம் ஆண்டில் தன் அபிப்பிராயத்தைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. 22-ஆம் குரோமோசோமில் அமைந்த ஏ.பி.ஓ.எல்.1 என்னும் மரபணுவில் ஜி1, ஜி2 என இரு மாறுதல்கள் உண்டென்றும், தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக மாறுதலுற்ற இரு பிரதிகளைப் பெற்றவர்களுக்கே அபாயம் மிகுதி என்றும் அப்போது தெளிவாயிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர் அத்தகையோர். இதைக் கண்டறியும் சோதனை அங்கே இன்று கைக்கெட்டும் நிலையில் இருக்கிறது. அதை யாருக்கு, எதன்பொருட்டுச் செய்வது என்பதே விசாரிக்கத்தக்கது.

இம்மாறுதல் ஆதியில் ஒரு காப்பாகவே அமைந்தது. அம்மரபணு உண்டாக்கும் புரதம் இரத்தத்தில் சஞ்சரித்து, ஆப்பிரிக்க உறக்க நோய்க் கிருமியின் உடலுள் புகுந்து அதன் சவ்வில் துளையிட, அத்துளை வழியே உப்பும் நீரும் ஏறிக் கிருமி உப்பி வெடித்து மடிகிறது. இப்புரதத்தை முடக்கும் உபாயம் கிருமிகளுள் ஒரு வகைக்கு வாய்த்தபோது, அவ்வுபாயத்தையும் மீறும் வல்லமை மாறுதலுற்ற புரதத்துக்கு வாய்த்தது. இந்தக் காப்புக்கு ஒரு பிரதியே போதும். இரு பிரதிகளும் கூடிய உடலிலோ, சிறுநீரக வடிகட்டியின் நுண்குழாய்களைத் தம் பாதங்களால் பற்றிக்கொண்டிருக்கும் உயிரணுக்களின் சவ்விலும் அத்தகைய துளையே விழுந்து, அவை நலிந்து உதிர, புரதம் சிறுநீரில் கசிந்து, வடிகட்டி வடுப்பட்டுப் போகிறது.

சோதனையின் பிரயோஜனம் அற்பமானதன்று. இரத்த அழுத்தத்தால் விளைந்ததெனக் கருதப்பட்ட சிறுநீரக நோயுடைய கறுப்பினத்தாரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2013-இல் வெளிவந்தபோது, இரு பிரதிகள் உடையவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கும், ஏனையோரில் 37 பேருக்கும் நோய் முற்றியிருந்தது தெரியவந்தது. கண்டிப்பான அழுத்தக் கட்டுப்பாடும் அவ்வேற்றுமையை அகற்றவில்லை. நோயாளி மருந்தை ஒழுங்காக உண்ணவில்லை என்று அவர்மேல் பழி சுமத்திவந்த வழக்கத்துக்கு இதைவிடத் தக்க மறுப்பு வேறில்லை. அத்துளையையே அடைக்கும் இனாக்சாப்லின் என்ற மருந்தை 13 வாரம் உண்ட சிறு தொகை நோயாளிகளிடம் சிறுநீரில் கசியும் புரதம் சராசரியாகப் பாதியளவு குறைந்ததாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய மருந்துகள் நிலைபெறுமானால், சோதனையின்றிச் சிகிச்சையே இராது.

குறைகளும் கனமானவையே. இரு பிரதிகளைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் சிறுநீரக நோயே இன்றி வாழ்கிறார்கள்; எச்.ஐ.வி. தொற்று, இன்டர்ஃபெரான் சிகிச்சை போன்ற இரண்டாவது தாக்குதல் ஒன்று நேரும்போதே பலருக்கு நோய் மூள்கிறது. அத்தாக்குதல் எவருக்கு எப்போது நேரும் என்று சோதனை சொல்லாது. மேலும், மரபணுவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பதையும் வேலையை மறுப்பதையும் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் தடுக்கிறதேயன்றி, ஆயுள் காப்பீட்டுக்கு அக்காப்பு இல்லை. தக்க காரணமின்றி நோயற்ற ஒருவரைச் சோதித்து இந்தக் கவலையை அவர் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

தர்மசங்கடம் முற்றுவது தானத்தில். டயாலிசிஸில் வாடும் தமக்கைக்குத் தன் சிறுநீரகம் ஒன்றை அளிக்க முன்வரும் இளைஞனிடம் இரு பிரதிகளும் இருப்பின், எஞ்சிய ஒற்றைச் சிறுநீரகம் அவனுக்குப் பின்னாளில் கைகொடுக்குமா என்பது சந்தேகம். தமக்கையின் உடலில் பொருத்தப்பட்ட சிறுநீரகமும் விரைவில் நலியக்கூடும். ஏனெனில் அபாயம் பெறுபவரின் மரபணுவைவிட, அச்சிறுநீரகம் தன்னுடன் கொண்டுவரும் மரபணுவையே பெரிதும் சார்ந்தது. ஆயினும் அதற்காகத் தோலின் நிறத்தையே அளவுகோலாக்கிக் கொடையாளரைக் கழிப்பது அநீதியிலும் அநீதி. அத்தவறு முன்பே நிகழ்ந்ததுண்டு: சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மதிப்பிட 1999-இல் வெளிவந்த கணக்கு, கறுப்பினத்தாருக்கு அதை 18 சதவீதம் கூட்டிக் காட்டி, அவர்களில் பலரை மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் வரிசையில் பின்தள்ளிற்று. இனத்தைக் கணக்கில் கொள்ளாத புதிய சூத்திரம் 2021-இல்தான் வந்தது. அந்நிறத்தவருள் நூற்றுக்கு 87 பேரிடம் இரு பிரதிகள் இல்லாதிருக்க, நிறத்தைக் கொண்டு மரபணுவை ஊகிப்பது விஞ்ஞானமாகாது.

ஆதலால், காரணம் விளங்காமல் புரதம் கசியும் நோயாளிக்கும், தானம் அளிக்க வரும் ஆப்பிரிக்க மூதாதையரை உடைய கொடையாளருக்கும், விளைவுகளை முன்கூட்டி விளக்கி, அவர்கள் சம்மதத்தின் பேரில் இச்சோதனையைச் செய்வதே முறை. ஊர் முழுவதையும் திரட்டிச் சோதிப்பது இப்போது வேண்டாதது. முடிவை அறிந்த பின் அளிப்பதா, தவிர்ப்பதா என்ற தீர்மானம் அந்தக் கொடையாளருக்கே உரியது. அதை அவரிடமிருந்து பறித்துக்கொள்ளும் அதிகாரம் எந்த மருத்துவமனைக்கும் இருத்தலாகாது.